கல்லூரி விழாவுக்கு வினாடி வினா, மலர், நினைவுப் பொருள்: கடலூர், புதுச்சேரி முன்னாள் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம் வட்டாரத்தில் இன்னும் சில வருடங்களுக்கு ஏதாவது ஒரு கல்லூரி விழாக்கோலத்தில்தான் இருக்கும். புதுச்சேரி தாகூர் கலைக் கல்லூரி 1961-ல் தொடங்கியது. தேவனாம்பட்டினத்தில் உள்ள கடலூர் பெரியார் கலைக் கல்லூரி 1964-ல். பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி 1968-ல். 2028-ல் அதற்கு அறுபது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் பிறந்தது, நூற்றாண்டு வாசலுக்கு வந்துவிட்டது. இவை தவிர வெள்ளி விழாவும் பொன் விழாவும் கொண்டாடக் காத்திருக்கும் தனியார் கல்லூரிகள் நிறைய.

முன்னாள் மாணவர் சங்கத்தில் வினாடி வினா, விழா மலர் இரண்டு குழுக்களிலும் வேலை பார்த்தவள் என்பதால், அக்கம்பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அறுபதாவது வருடம் தொடங்கும்போது கொண்டாடுவதா, முடிந்த பிறகா?

1964-65 கல்வியாண்டில் முதல் வகுப்பு நடந்த கல்லூரிக்கு 2023-24 அறுபதாவது கல்வியாண்டு. அது முடியும்போதுதான் அறுபது நிறைவாகிறது. இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பேன். வருடத்தின் தொடக்கத்தில் வினாடி வினாவை நடத்துங்கள். நிறைவில் மலரை வெளியிடுங்கள். முதலாவது இரண்டாவதற்குச் சரக்கு சேர்த்துத் தரும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் எந்தத் தேதியைத் 'தொடக்கம்' என்கிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள். அரசாணை வந்த நாள் ஒன்று, வாடகைக் கட்டடத்தில் முதல் வகுப்பு நடந்த நாள் ஒன்று, சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய நாள் ஒன்று, திறந்த நாள் இன்னொன்று. நான்கையும் அறிந்த பெரியவர்கள் நான்கு பக்கமும் நின்று வாதாடுவார்கள்.

எந்த மாதம் வைத்தால் ஊருக்கு வருவார்கள்?

பொங்கலை ஒட்டி. வெளியூரில் இருப்பவர்கள் எப்படியும் வந்திருப்பார்கள். காணும் பொங்கலுக்கு அடுத்து வரும் சனி, ஞாயிறு நல்ல நாள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பந்தல் போடும் எண்ணமே வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தக் கரையை என்ன செய்தது என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாசி மாதமாக இருந்தால் மாசி மகம் என்றைக்கு என்று பாருங்கள். சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும் நாளில் தேவனாம்பட்டினம் பக்கம் வண்டி நகராது.

பட்டிமன்றம், மெல்லிசை எல்லாம் இருக்கிறதே, வினாடி வினா எதற்கு?

பட்டிமன்றத்தில் மேடை பேசும், கூட்டம் கேட்கும். வினாடி வினாவில் கூட்டம்தான் பேசும். "சைக்கிள் நிறுத்துமிடத்தில் கொடுத்த டோக்கன் எதனால் செய்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்து பதில் சொல்வார். அதோடு நிறுத்தமாட்டார். டோக்கன் தொலைந்தால் எவ்வளவு அபராதம், அங்கே உட்கார்ந்திருந்தவர் யார், பெண்களின் சைக்கிள்கள் எந்தப் பக்கம் நின்றன என்று எல்லாம் வரும். கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும், சம்பளப் பட்டியல் இருக்கும். இவர் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அவர் சொல்லாவிட்டால் அது அவரோடு போய்விடும்.

விழாவின் ஆதாயமே இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். கல்லூரியின் பாதி வரலாறு எழுதப்படாமல் ஆட்களின் நினைவில் கிடக்கிறது. வினாடி வினா அதை வெளியே இழுக்கும், மலர் அதைப் பிடித்து வைக்கும். ஆகவே வினாடி வினா நடக்கும்போது ஒருவர் ஒலிப்பதிவு செய்ய வேண்டும், இன்னொருவர் யார் என்ன சொன்னார் என்று பெயர், படித்த வருடத்தோடு குறிக்க வேண்டும். மதிப்பெண் குறிப்பவரைவிட முக்கியமானவர்கள் இந்த இருவரும்.

என்ன மாதிரி கேள்விகள் வைப்பது?

"கல்லூரியின் முதல் முதல்வர் யார்?", "தொடங்கிய ஆண்டு எது?" என்ற வகையை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். அவற்றுக்கு விடை கல்லூரிக் கையேட்டிலேயே இருக்கிறது. கையேட்டில் இல்லாததை, ஆனால் அரங்கில் ஒருவருக்காவது தெரிந்ததைக் கேட்பதுதான் கலை.

என் கணக்கில் கேள்விகள் மூன்று இடங்களிலிருந்து வரும்: கல்லூரிக்குள்ளிருந்து, ஊரிலிருந்து, காலத்திலிருந்து.

காலத்திலிருந்து வரும் கேள்விகளுக்கு வரவேற்பு அதிகம். உதாரணமாக, பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? கடலூரில் ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம். 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவான பிறகு அந்தப் பெயர். இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ஒரே வகுப்பறையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெரியப்பாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் மூன்று பல்கலைக்கழகங்களின் பட்டம். புதுச்சேரிக் கல்லூரிகளில் 1985-ல் புதுவைப் பல்கலைக்கழகம் வந்தது எல்லைக்கோடு. அதற்கு முந்தியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள். இந்தக் கேள்வியைக் கேட்டதும் அரங்கமே தலைமுறைவாரியாகப் பிரிந்து சத்தம் போடும்.

அதே போல பி.யு.சி., அதாவது பட்டப்படிப்புக்கு முன் கல்லூரியில் படித்த ஒரு வருட வகுப்பு. தமிழ்நாட்டில் 1978-ல் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் வந்ததும் கல்லூரியிலிருந்து பி.யு.சி. விடைபெற்றது. "நம் கல்லூரியில் கடைசி பி.யு.சி. செட் எது? அதில் படித்தவர் யாராவது அரங்கில் இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பதினாறு வயதில் கல்லூரிக்குள் நுழைந்த பயம் எப்படி இருந்தது என்று இன்றைய மாணவர்கள் அவர் வாயால் கேட்கட்டும்.

ஊர்க் கேள்விகளுக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. சில மாதிரிகள்:

கடலூரைச் சுற்றியுள்ள சில ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் எப்படி வந்தது? 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களும் சேர்த்து எனப் பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் மாறிய அந்த இடம்தான், பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த பிறகு 1746 முதல் 1752 வரை கம்பெனிக்குச் சோழமண்டலக் கரையில் தலைமையிடம்.

பாரதியார் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய 1918 நவம்பரில், எல்லை தாண்டியதும் கைது செய்து எந்த ஊர்ச் சிறையில் வைத்தார்கள்? கடலூர்.

புதுமைப்பித்தன் பிறந்த ஊர்? பலர் திருநெல்வேலி என்பார்கள். 1906-ல் அவர் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934-ல் பிறந்ததும் கடலூரில்தான்.

புதுச்சேரியின் இணைப்புக்கு 1954 அக்டோபர் 18-ல் வாக்கெடுப்பு நடந்த சிற்றூர்? கீழூர். வாக்களித்தவர்கள் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. இந்தக் கேள்வியில் வரும் தேதிகளுக்கு நடுவில்தான் தாகூர் கலைக் கல்லூரி 1961-ல் பிறந்தது. அது தாகூரின் நூற்றாண்டு ஆண்டும்கூட. கல்லூரியின் வயதை ஊரின் வரலாற்றோடு இப்படிக் கோத்துக் கேட்டால், முதலாண்டு மாணவிக்கும் தன் கல்லூரி எங்கே நிற்கிறது என்று புரியும்.

ஜிப்மருக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன் இருந்த பெயர்? தன்வந்திரி மருத்துவக் கல்லூரி. அதற்கும் முன்னால், 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி.

கல்லூரிக்குள்ளிருந்து வரும் கேள்விகளை நான் தர முடியாது, நீங்கள்தான் தேட வேண்டும். எங்கே தேடுவது என்று மட்டும் சொல்கிறேன்: மணியடித்த ஊழியர், ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் எடுத்துக் கொடுத்தவர், கேன்டீன் நடத்தியவர் குடும்பம், விடுதிச் சமையற்காரர், பாசஞ்சர் ரயிலில் பண்ருட்டியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வந்துபோன சீசன் டிக்கெட் கூட்டம். எந்த வண்டி தாமதமானால் முதல் பீரியடுக்கு ஆளே இருக்காது என்று அந்தக் கூட்டத்துக்கு இன்றும் நினைவிருக்கும்.

சுலபமான கேள்வி வைத்தால் எல்லாரும் சொல்லிவிடுவார்களே?

சொல்லட்டும். இது வேலைக்கான தேர்வு இல்லை.

ஒரே விஷயத்துக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எதை ஏற்பது?

ஒரு நினைவு, ஒரு ஆவணம். இரண்டும் ஒத்துப்போனால்தான் அது கேள்வியாகலாம். ஆவணம் என்று நான் சொல்வது பழைய ஆண்டு மலர், கல்லூரிக் கையேடு, திறப்புவிழாக் கல்வெட்டு, குழுப் புகைப்படத்தின் அடியில் எழுதியிருக்கும் பெயர்கள், விளையாட்டுக் கோப்பையில் பொறித்த வருடம், பழைய அடையாள அட்டை. கல்வெட்டைப் போய்ப் படித்துப் படம் எடுங்கள். சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மறைந்திருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெரியும். ஊர் வரலாற்றுக்குத் தென்னார்க்காடு மாவட்டத்தைப் பற்றி டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி 1906-ல் வந்த கெசட்டியர் நல்ல துணை.

நினைவு மட்டும் இருந்து ஆவணம் இல்லாவிட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போட்டியில் வைக்க வேண்டாம், அவ்வளவுதான். மலரில் "1973 செட் சொல்வது இது, 1976 செட் சொல்வது இது" என்று இரண்டையும் போடுங்கள். படிக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் பரணிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்.

அணிகளை எப்படிப் பிரிப்பது? துறைவாரியாகவா, செட்வாரியாகவா?

இரண்டும் வேண்டாம். ஒரு அணியில் மூன்று பேர்: எண்பதுக்கு முன் படித்தவர் ஒருவர், தொண்ணூறுகளையோ அதற்குப் பிறகையோ சேர்ந்தவர் ஒருவர், இப்போது படிக்கும் மாணவர் ஒருவர். செட்வாரியாகப் பிரித்தால் பழைய செட்டுக்குப் பழைய கேள்வியும் புதிய செட்டுக்குப் புதிய கேள்வியும் என்று அரங்கம் உடைந்துபோகும். கலந்து உட்கார வைத்தால் ஐயா காதில் அந்தப் பெண் கிசுகிசுப்பாள், அவள் காதில் ஐயா. போட்டி முடிந்ததும் கைபேசி எண் வாங்கிக்கொள்வார்கள்.

காலையில் எல்லாருக்கும் எழுத்துத் தேர்வாக இருபது கேள்விகள். அதிலிருந்து ஆறு அணிகள் மேடைக்கு. நேரடிச் சுற்று ஒன்று, பழைய புகைப்படங்களைத் திரையில் காட்டும் சுற்று ஒன்று, ஒலிச் சுற்று ஒன்று, கடைசியாக பஸ்ஸர். புகைப்படச் சுற்றுக்கு நேரம் தாராளமாக ஒதுக்குங்கள், ஏனென்றால் படத்தில் நிற்பவர் அரங்கில் உட்கார்ந்திருப்பார். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க வேண்டாம். பெரியவர்களுக்கு யோசிக்க முப்பது வினாடி கொடுங்கள். அணிகள் விட்டதைப் பார்வையாளர்களுக்குத் தள்ளுங்கள், சரியாகச் சொன்னவருக்குக் கையிலேயே ஒரு சின்னப் பரிசு. சமன் ஆனால் "முதல் செட்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?" என்பது போன்ற எண் கேள்வி, நெருங்கி வந்தவர் வென்றார். நடுவரின் தீர்ப்பே இறுதி என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

குவிஸ் மாஸ்டராக வெளியிலிருந்து பெயர் பெற்றவரைக் கூப்பிட வேண்டாம் என்பது என் கருத்து. அவர் கேள்வியை அழகாகக் கேட்பார். பதில் சொன்னவர் கூடுதலாக ஒரு கதை தொடங்கும்போது, அது எந்தக் கதை, எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற பேராசிரியர்களில் மாணவர்களோடு பழகிய ஒருவரைப் பிடியுங்கள்.

ஆசிரியர்களின் பட்டப்பெயர்களைக் கேள்வியாக வைக்கலாமா? அதுதான் நன்றாக எடுபடும் என்கிறார்கள்.

அந்த ஆசிரியர் முன்வரிசையில் இருந்து, முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்தால் வைக்கலாம். அவர் மறைந்திருந்தால் குடும்பத்தைக் கேளுங்கள். உருவத்தையோ, சாதியையோ, ஊரையோ, பேச்சுக் குறையையோ குத்திய பெயராக இருந்தால் யார் சம்மதித்தாலும் வேண்டாம். ராகிங் கதைகளும் அப்படித்தான். அன்று சிரித்தவர்களுக்குத்தான் அது இனிய நினைவு. மாணவிகளை வைத்து வந்த கிசுகிசுக்களை மேடைக்கு ஏற்றுவதை ஒரு குழு உறுப்பினராக நான் ஒருபோதும் அனுமதிக்கமாட்டேன். பேரன் பேத்தியோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்மணி அவர்.

எங்கள் செட் பெண்கள் யாரையுமே கண்டுபிடிக்க முடியவில்லையே, என்ன செய்வது?

இந்தக் கேள்வி எல்லாக் கல்லூரியிலிருந்தும் வருகிறது. ஆண்கள் ஊரில் கடை வைத்திருப்பார்கள், அல்லது அப்பா வீடாவது ஊரில் இருக்கும். பெண்கள் திருமணமாகி விழுப்புரம், சென்னை, பெங்களூர், பாரீஸ் என்று போய்விட்டார்கள். அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வந்துவிட்டது. பதிவேட்டில் இருக்கும் பெயரை வைத்து முகநூலில் தேடினால் கிடைக்காது. அதனால் குழுக்கள் "கிடைத்தவர்கள் போதும்" என்று விட்டுவிடுகின்றன. மேடையில் ஐம்பது வருடக் கல்லூரி ஆண்கள் கல்லூரியாகத் தெரிகிறது.

பெயரை விட்டுவிட்டு உறவுகளைப் பிடியுங்கள். விடுதி அறைத்தோழியைக் கேளுங்கள். அதே பேருந்தில் வந்தவரைக் கேளுங்கள். பட்டப்படிப்பு முடித்து பி.எட். போனவர்கள் நிறையப் பேர், ஆகவே ஓய்வுபெற்ற ஆசிரியைகள் வட்டத்தில் ஒருவர் கிடைத்தால் பத்துப் பேர் கிடைப்பார்கள். ஒவ்வொரு செட்டிலும் தேடும் பொறுப்பை ஒரு பெண்ணிடமே கொடுங்கள், "எந்தக் கல்லூரிக்காரர் என் மனைவி எண்ணைக் கேட்கிறார்?" என்ற கேள்விக்கே இடம் வராது. அழைப்பிதழில் 'குடும்பத்துடன் வருக' என்று மறக்காமல் போடுங்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறை ஏற்பாடு செய்யுங்கள். மாலை ஆறுக்குள் முடியும் என்று நேரத்தையும் எழுதுங்கள்.

பாரீஸிலும் துபாயிலும் இருப்பவர்கள் கலந்துகொள்ள முடியுமா?

முடியும். குளிர்காலத்தில் பாரீஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி நேரம். இங்கே ஞாயிறு மாலை ஆறு என்றால் அங்கே பகல் ஒன்றரையும் நாலரையும். அவர்களுக்குத் தனியாக ஒரு இணையவழிச் சுற்று வையுங்கள். மேடைப் போட்டியோடு கலந்தால் இணைப்பு விட்டுவிட்டு வந்து இரண்டும் கெடும்.

விழா மலரில் என்னென்ன இருக்க வேண்டும்?

வாழ்த்துச் செய்திகள் எல்லாம் சேர்ந்து ஒரு பாரத்துக்குள், அதாவது பதினாறு பக்கத்துக்குள் அடங்கட்டும். மீதி முழுவதும் ஆட்களின் நினைவுகளுக்கு. பதவியில் இருப்பவர்களின் படமும் கையெழுத்தும் போட்ட தாள்களை யாரும் இரண்டாம் முறை புரட்டுவதில்லை. வீட்டில் எடுத்துப் பார்ப்பது குழுப் புகைப்படங்களைத்தான்.

ஆகவே குழுப் புகைப்படத்தில்தான் உழைக்க வேண்டும். பக்கத்திலேயே அதன் கோட்டுருவம் ஒன்று வரைந்து, ஒவ்வொரு தலைக்கும் எண் கொடுத்து, கீழே பெயர்கள். பெயர் தெரியாத தலைக்கு எண்ணைப் போட்டுவிட்டு இடத்தைக் காலியாக விடுங்கள். மலர் கைக்குப் போன பிறகு அந்த இடங்கள் நிரம்பும். ஆசிரியரல்லாத ஊழியர்களின் முழுப் பட்டியல் வேண்டும், படத்தோடு. மறைந்த மாணவர்கள், ஆசிரியர்கள் பெயர்களும் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தக் கரையோரக் குப்பங்களிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளின் குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்பதை, அவர்கள் எழுத விரும்பினால், அவர்கள் சொல்லிலேயே போடுங்கள்.

தொழில்நுட்பமாகச் சில: பழைய படத்தைக் கைபேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கிவிடும், அச்சில் மங்கும். ஸ்கேன் செய்து, ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். கட்டுரைகளை யூனிகோடில் வாங்குங்கள். மூத்தவர்கள் கையால் எழுதித் தந்தால் தட்டச்சு செய்ய ஒரு மாணவர் குழுவை நியமியுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அது நல்ல பயிற்சி. தட்டச்சு செய்த பிறகு எழுதியவரிடமே ஒருமுறை காட்டிச் சரிபாருங்கள், குறிப்பாகப் பெயர்களையும் இனிஷியலையும். வண்ணப் படங்களை எல்லாப் பாரங்களிலும் தெளிக்காமல் ஒரே பாரத்தில் சேர்த்தால் செலவு நன்றாகக் குறையும்.

நினைவுப் பொருளாக எதைக் கொடுப்பது? ஷீல்டா, பையா?

கண்ணாடி ஷீல்டு வேண்டவே வேண்டாம். நம்மைச் சுற்றி இத்தனை கைவினை இருக்கும்போது எங்கோ அச்சடித்த பொருளை ஏன் வாங்க வேண்டும்? வில்லியனூர் சுடுமண் சிற்பங்களும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. கல்லூரி வாசல், மணிக்கூண்டு, முற்றத்து மரம் என்று ஒரு உருவத்தை வரைந்து கொடுத்தால் அச்சு செய்து தருவார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் இருக்கிறது. கல்லூரிச் சின்னம் போட்ட குவளைக்கு அங்கே விசாரிக்கலாம். குறிப்பேட்டுக்கும் சான்றிதழுக்கும் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைமுறைக் காகிதத் தொழிலகம் 1959 முதல் இயங்குகிறது. தின்பதற்குப் பண்ருட்டி முந்திரி போதும், வேறு இனிப்பே வேண்டாம்.

மண் பொருளுக்கு அவகாசம் கொடுங்கள். மழைக்காலத்தில் காயாது, காயாமல் சூளையில் வைத்தால் வெடிக்கும். பொங்கல் விழாவுக்குத் தேவை என்றால் ஆடி மாதமே முன்பணம் கொடுத்துச் சொல்லிவிட வேண்டும். பேரம் பேசிக் குறைக்கும் இடம் இது இல்லை. கைவினைஞரின் பெயரைச் சிறு சீட்டில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

இன்னொன்று தபால்துறை. 'மை ஸ்டாம்ப்' திட்டத்தில் கல்லூரியின் படத்தோடு தபால்தலைத் தாள் வாங்கலாம், ஒரு தாளில் பன்னிரண்டு. சிறப்பு முத்திரையோடு சிறப்பு உறை வெளியிடவும் தபால்துறையிடம் விண்ணப்பிக்கலாம். அதற்கு மாதக்கணக்கில் முன்னால் எழுத வேண்டும்.

வினாடி வினாவிலிருந்தே ஒரு நினைவுப் பொருள் செய்யலாம்: கேள்வி ஒரு பக்கம், விடையும் அதைச் சொன்னவர் பெயரும் மறுபக்கம் என்று ஐம்பத்திரண்டு அட்டைகள், ஒரு பெட்டியில். வாரத்துக்கு ஒன்றாக வருடம் முழுக்க வரும். நான் பார்த்த நினைவுப் பொருள்களில் வீட்டுப் பிள்ளைகள் கையில் எடுத்தது இது ஒன்றைத்தான்.

பணம் எப்படித் திரட்டுவது?

விளம்பரம், நன்கொடை, முன்பதிவு மூன்றும். மலருக்கு முன்பதிவு வாங்கினால் எத்தனை பிரதி அச்சிடுவது என்ற குழப்பம் தீரும். பணம் பதிவு பெற்ற சங்கத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும், பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வரக்கூடாது. வருமான வரிச் சலுகை உள்ள சங்கமாக இருந்தாலும், ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது, காசோலையாகவோ யு.பி.ஐ. வழியாகவோ கொடுக்கச் சொல்லுங்கள்.

புதுச்சேரிக் கல்லூரிகள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். வெள்ளாழ வீதியில் பிறந்து வளர்ந்தவராகவே இருக்கட்டும், இந்திய ரூபாயிலேயே கொடுக்கட்டும், அவர் கையில் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் அது சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நன்கொடை. அதற்கென்று அனுமதி பெறாத சங்கம் அதை வாங்கக் கூடாது. துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து தருவதற்கு இந்தத் தடை இல்லை. நன்கொடைப் படிவத்தில் குடியுரிமை என்ன என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, சந்தேகம் உள்ளதை ஆடிட்டரிடம் காட்டிய பிறகே வாங்குங்கள். ஆசையாகக் கொடுக்க வரும் அண்ணனிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். சொல்லித்தான் ஆக வேண்டும்.

விழா முடிந்த பிறகு மிஞ்சிய மலர்களை என்ன செய்வது?

மிஞ்சட்டும் என்றே கொஞ்சம் கூடுதலாக அச்சிடுங்கள். நூல் வழங்கல் சட்டம் 1954-ல் வந்தது. அதன்படி நூல்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் நான்கு நூலகங்களில் சென்னை கன்னிமாரா ஒன்று. அங்கே ஒரு பிரதி போகட்டும். தமிழ் அச்சு நூல்களைச் சேகரிக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒன்று, 1827-லிருந்து இருக்கும் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு ஒன்று, கடலூர் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒன்று. கல்லூரி நூலகத்தில் மூன்று பிரதிகளாவது வேண்டும். ஒன்று வெளியே போகவே கூடாது. நூலுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது, அச்சுக்கு முன்பே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள்.

வினாடி வினாவின் ஒலிப்பதிவு, ஸ்கேன் செய்த படங்கள், திருத்திய கட்டுரைகள், தேடிப் பிடித்த முகவரிப் பட்டியல் எல்லாவற்றையும் இரண்டு வன்தட்டுகளில் ஏற்றுங்கள். ஒன்று முதல்வர் அறை அலமாரியில், இன்னொன்று சங்கச் செயலாளரிடம். புதிய செயலாளர் வரும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். முகவரிப் பட்டியலை மட்டும் மலரில் அச்சிட வேண்டாம். விற்பனைக்காரர்கள் கையில் போய்ச் சேரும். மலர் வெளிவந்து ஆறு மாதம் கழித்து, திருத்தங்கள் என்று நான்கு பக்கம் தனியாக அச்சிட்டு எல்லாருக்கும் அனுப்புங்கள். காலியாக விட்ட எண்களுக்கு வந்த பெயர்களை அதில் சேருங்கள்.